துரைக்கு வெந்நீர்

மீனுக்கு வெந்நீர் போடுகிற மெஷின் இருக்கிறதா என்று கேட்பதற்குள் அன்புசெல்விக்கு நாக்கு நான்கு முறை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிரிக்க மாட்டார்களா பின்னே? பிள்ளைச்சாவடியில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து மீன்கூடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, முப்பத்திரண்டு வயது வரை அம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் செதில் சுரண்டியவள். மீனையும் வெந்நீரையும் ஒன்றாகச் சேர்த்தால் அதற்குப் பெயர் குழம்பு என்றுதான் அவளுக்குத் தெரியும். மீனை உயிரோடு வைத்திருக்கத் தண்ணீரைச் சூடு பண்ணுவார்கள் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு வேலை பார் என்றிருப்பாள்.

கடைக்காரர் ஹரிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. நெற்றியில் சந்தனமும் முழங்கை வரை ஈரமுமாக ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவர், "எத்தினி அடி தொட்டிம்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து நீட்டினாள். நோட்டுப் புத்தகத் தாளில் குண்டு குண்டான எழுத்து. மூன்றடி நீளம், ஒன்றேகால் அகலம், ஒன்றரை உயரம். ஆஸ்கார் மீன், ஒன்று. வயது ஐந்து. உடம்பில் ரவை கொட்டியது போல வெள்ளைப் புள்ளி. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"வாடக்காத்து வுட்டதும் வர்ற சீக்குதான் இது. தண்ணி குளுந்து போச்சு. முப்பது டிகிரியில வச்சு, கல்லுப்பு போட்டீங்கன்னா புள்ளியெல்லாம் கொட்டிடும். ஆனா ஒண்ணு. முப்பதுக்கு ஏத்திட்டா பத்து நாளைக்கு அங்கயே நிக்கணும். நடுவுல எறக்கினீங்கன்னா புள்ளி போவாது, மீனுதான் போவும்."

அவர் மேஜைமேல் மூன்று கண்ணாடிக் குழாய்களை எடுத்து வைத்தார். சின்னது விரல் நீளம், பெரியது முழங்கை நீளம். அன்புசெல்வியின் கை தானாகப் பெரியதன் பக்கம் போயிற்று. பெரியதாக வாங்கிப் போனால் பெரிய அக்கறை என்று தெரியுமில்லையா? அந்த வீட்டில் அவள் செய்கிற ஒவ்வொன்றையும் யாராவது எடை போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இது சீக்கிரம் சூடாவுமில்ல?"

"சீக்கிரம் ஆவும். உள்ள சூட்டை நிறுத்தற கருவி ஒருநாள் ஒட்டிக்கிச்சின்னு வைங்க, காலையில நீங்க மீனைத் தட்டுலதான் எடுத்து வைக்கணும். சின்னது நாளெல்லாம் எரிஞ்சாலும் உங்க தொட்டிக்குக் காணாது. நடுவுல இருக்கற நூத்தம்பது வாட் எடுத்துக்கங்க. நம்ம ஊரு குளுருக்கு இது போதும்."

பிறகு அவர் சொன்னதையெல்லாம் அவள் சாமி கும்பிடுகிற மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. தண்ணீருக்கு வெளியே இருக்கும்போது சுவிட்ச் போடக்கூடாது, போட்டால் கண்ணாடி வெடிக்கும். தொட்டிக்குள் கை விடுமுன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் மாற்றினால் கால் பங்குதான். அதுவும் ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்த தண்ணீர். அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் என்றால் அதில் இருக்கும் மருந்தை முறிக்க ஒரு சின்னப் பாட்டில், பத்துச் சொட்டு.

"மீனு உங்க பொண்ணுதா?" என்று பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமாங்க. பொண்ணுதுதான்" என்றாள். சொன்ன பிறகு யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

பொண்ணு என்பது துர்கா. பதின்மூன்று வயது. அன்புசெல்வியின் புருஷன் பலராமனுக்கு மூத்த தாரத்தில் பிறந்தவள். மூத்த தாரம் சுலோசனா மஞ்சள்காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் உயிரோடு இருந்தபோது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாரீசுக்குப் போனபோது கட்டைவிரல் பருமனில் ஒரு மீன்குஞ்சைப் பாலிதீன் பையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது இப்போது ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, கறுப்பும் செங்கல் நிறமுமாக, மூலையில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் வேலைக்காரர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. துரை என்று பெயர் வைத்தவளும் சுலோசனாதான். முதலியார்பேட்டையில் அந்தச் சின்ன வீட்டுக் கூடத்தில் முக்கால்வாசி இடம் துரைக்கு, மிச்சத்தில்தான் மனுஷர்கள்.

அன்புசெல்வி வந்து பதினோரு மாதம். துர்கா சண்டை போடுகிற பெண் இல்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை, இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு இரண்டு திட்டு திருப்பிக் கொடுத்து ஒரு வழிக்கு வந்திருக்கலாம். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைத் தின்றாள், தட்டைக் கழுவி வைத்தாள், மீன்தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிற மாதிரி இருந்தாள் அந்தக் குழந்தை. இதில் அவளுடைய தாய்மாமன் நாகராஜ் பொங்கல் கழிந்து வந்து, முழுப் பரீட்சை முடிந்ததும் துர்காவை முத்தியால்பேட்டைக்குத் தன் வீட்டோடு கூட்டிப் போய்விடுவதாகச் சொன்னார். பலராமன், "அவ இஷ்டம்" என்று தலையைக் குனிந்துகொண்டான். நோணாங்குப்பத்தில் உல்லாசப் படகு ஓட்டுகிறவன், நூறு பேரை ஏற்றிக்கொண்டு அலையில் போவான். வீட்டுக்குள் ஒரு வார்த்தை பேச அவனுக்கு ஆள் வேண்டும். துர்காதான் சொன்னாள், "தொரைக்கு ஒடம்பு சரியாவட்டும் மாமா, சொல்றேன்." நாகராஜ், "இருபத்தாறாம் தேதி லீவு. அன்னிக்கு சொல்லு" என்று முடித்துவிட்டார்.

போனால் போகட்டும் என்று அன்புசெல்வியால் நினைக்க முடியவில்லை. துர்கா போனால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். மூத்தாள் பிள்ளையைத் துரத்திவிட்டாள் என்று சொல்வார்கள், வேறென்ன. ஆனால் அதைவிட, அந்தப் பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது. தூக்கத்தில் போர்வையை உதைத்துத் தள்ளுகிற அந்தக் காலைப் பிடித்திருந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் நடிப்பு என்பார்கள்.

ஹீட்டர் வந்த அன்றுதான் முதன்முதலாக இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். துர்கா குழாயைத் தொட்டியின் பின்பக்கம் தண்ணீருக்குள் படுக்கவைத்துப் பிடித்தாள், அன்புசெல்வி ஒயரைச் சரிபார்த்தாள். பிளக் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெப்பமானியின் ஊசி அசைகிறதா என்று இருவரும் நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு பார்த்தார்கள். அது என்ன உடனே அசையுமா? முக்கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்றால் அதிகம். ஆனாலும் அன்புசெல்வி அடுப்புக்கும் கூடத்துக்குமாக நடந்து தேய்ந்தாள். விளக்கு அணைந்தால் ஹீட்டர் கெட்டுவிட்டதோ என்று பயம். விடாமல் எரிந்தால் மீன் வெந்துவிடுமோ என்று பயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிக்கடி கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். அவள் கைக்குத் தண்ணீர் தெரியும். வெப்பமானி இருபத்தெட்டு என்று காட்டுமுன்பே அவள் இருபத்தெட்டு என்று சொன்னதைக் கேட்டு துர்கா, "எப்டி?" என்றாள். "எங்க அப்பா கட்டுமரத்துலேருந்து கால வுட்டே சொல்லுவாரு, தண்ணி மாறிடுச்சுன்னு." துர்கா அவள் கையை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அன்று மாலை அன்புசெல்வி ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை முப்பதைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் முதுகுப் பக்கம் புள்ளி பாதி உதிர்ந்துவிட்டது. துர்கா நீட்டிய இறாலைத் துரை வந்து முகர்ந்துவிட்டு, தின்னாமல், ஆனாலும் முகர்ந்துவிட்டுப் போனது. திங்கட்கிழமை கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று துர்கா இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் தண்ணீர் பிடித்து மூடி வைத்தாள். மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் குடியரசு தின அணிவகுப்பு, வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "மத்தியானம் மாமா வூட்டுல சாப்புட்டு சாயந்தரம் வரேன் சித்தி. ஹீட்டர மட்டும் பாத்துக்க" என்றாள். ஒரு வேலையை அவளை நம்பிக் கொடுத்தாள்!

ஆனால் அந்தத் திங்கட்கிழமை தை அமாவாசை, அதோடு சூரிய கிரகணம். மதியம் இரண்டு மணிக்கு மேல் பிடித்து நாலு மணிக்கு விடும் என்று காலண்டரில் போட்டிருந்தது. அன்புசெல்விக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இந்த விஷயம் பலராமனுக்கும் அவன் அக்கா செல்வாம்பாளுக்கும் மட்டும்தான் தெரியும். துர்காவிடம் பரீட்சை முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பலராமன் தள்ளிப்போட்டிருந்தான், எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிற மாதிரி.

பதினொரு மணிக்கெல்லாம் செல்வாம்பாள் கையில் தர்ப்பைக் கட்டோடு வந்துவிட்டாள். பக்கத்துத் தெரு. நல்ல மனுஷிதான், ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டை எடுத்துப் புரட்டி வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அரிசிப் பானை, ஊறுகாய் ஜாடி, குடம் எல்லாவற்றிலும் ஆளுக்கொரு தர்ப்பையைப் போட்டாள். கேஸ் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடினாள். பூஜை விளக்கை மலை ஏற்றினாள். பிறகு கூடத்துக்கு வந்தவளின் கண் தொட்டிக்குப் பின்னால் சிவப்பாக எரிந்த விளக்கில் நின்றது.

"அது என்னாடி எரியுது?"

"ஹீட்டரு அண்ணி. மீனுக்கு."

"தண்ணிய சுட வைக்கறதுதான? அப்ப அது அடுப்புதான. வவுத்துல புள்ளைய வச்சுக்கினு கிரகணத்துல வூட்டுல அடுப்பு எரிய வுடுவியா? அணை."

"அண்ணி, அது எறங்கக் கூடாதுன்னு கடக்காரரு..."

"கடக்காரனா புள்ள பெத்துக்கப் போறான்? மீனு போனா மார்க்கெட்டுல மீனா இல்ல? அஞ்சு வருஷமா இதுக்குத்தான கோயில் கோயிலா சுத்துனா உங்கம்மா, உனக்குக் கல்யாணமாவணும், குழந்த பொறக்கணும்னு."

அன்புசெல்வி பலராமனுக்குப் போன் போட்டாள். லீவு நாள் கூட்டம். படகில் இருக்கிறான், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். பிள்ளைச்சாவடியில் தனக்கொடி என்று ஒருத்தி கிரகணத்தன்று அடுப்பு மூட்டினாள், அவளுக்குப் பிள்ளை உதடு பிளந்து பிறந்தது என்று ஊரே சொல்லும். உண்மையோ பொய்யோ, அந்தப் பிள்ளையை அன்புசெல்வி மடியில் வைத்திருக்கிறாள், பால் குடிக்க முடியாமல் அது அழுததைக் கேட்டிருக்கிறாள். அவள் கை போய் சுவிட்சை அணைத்தது. சிவப்பு விளக்கு போனதும் கூடமே இருட்டியது போல இருந்தது.

பிறகு உள்ளறையில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, பாயில் மல்லாக்கப் படுத்தாள். அசையக்கூடாது, சொறியக்கூடாது, கிழிக்கக்கூடாது. வெளியே காக்கைகள் கத்திவிட்டு அடங்கின. ஜன்னல் இடுக்கில் வந்த வெளிச்சம் பழுத்துப்போன மாதிரி ஆயிற்று. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். இந்நேரம் இருபத்தொன்பது இருக்குமா? இருபத்தெட்டரை? எழுந்துபோய்ப் போட்டுவிடலாமா? ஒரு எட்டு எடுத்து வைத்தால் கூடம். ஆனால் எழுந்தால் இது. எழாவிட்டால் அது. தொட்டியில் இருப்பது அந்தப் பெண்ணின் உயிர், வயிற்றில் இருப்பது தன் உயிர் என்று மனசு பிரித்துப் பார்த்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சித்திக்காரிகள் இப்படித்தான் யோசிப்பார்கள் என்று ஊர் சொல்வது இதைத்தானே? யோசித்துவிட்டாளே! அவள் எழுந்திருக்கவில்லை.

கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தாள். துரை மூலையில் நின்றது. நின்றது என்றதுமே உயிர் வந்தது. ஆனால் பின்வாசலில் துர்கா பிடித்து வைத்திருந்த இரண்டு வாளியும் கவிழ்த்துக் கிடந்தன. நின்ற தண்ணீர், கிரகணம் பட்ட தண்ணீர் என்று செல்வாம்பாள் கொல்லையில் கொட்டியிருந்தாள். போகிற போக்கில் தொட்டியையும் காட்டி, "நோயாளி மீனு, இந்தப் பீட புடிச்ச தண்ணியிலயா வுட்டு வைப்ப? மாத்திடு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குக் குளிக்கப் போய்விட்டாள்.

கால் பங்குதான் என்று அன்புசெல்விக்கு நன்றாகத் தெரியும். டியூபைப் போட்டுக் கால் பங்குதான் இறக்கினாள். பிறகு மிச்சம் முக்கால் பங்கும் கிரகணம் பட்ட தண்ணீர்தானே என்று தோன்றியது. அது இந்த மீனை ஏதாவது செய்துவிட்டால்? தர்ப்பை போடாத வாளித் தண்ணீரைக் கொட்டினோம், அண்டாத் தண்ணீரைக் கொட்டினோம், மீன் குடிக்கிற தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்வதா? அரைப் பங்கு ஆயிற்று. முக்கால் ஆயிற்று. ஒரு சாண் தண்ணீரில் துரை முதுகு தெரிய நின்றது. நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஹோஸைச் செருகி நிரப்பினாள். மருந்து முறிக்கிற பாட்டிலை மறக்கவில்லை, பத்துக்குப் பதினைந்து சொட்டாக விட்டாள், கல்லுப்பும் போட்டாள். எல்லாம் முடித்து, பிளக்கைச் செருகுமுன் கையை உள்ளே விட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. மேல்நிலைத் தொட்டியில் வாடைக்காற்றில் நின்ற தண்ணீர். இருபத்துநான்கு. வெப்பமானியைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

துரையின் செங்கல் நிறம் அவள் கண்ணெதிரே சாம்பலாக மாறியது. அது இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிற்று. பிறகு மெதுவாக, படுக்கை விரித்து வைத்த இடத்தில் சாய்கிற மாதிரி, கூழாங்கல்மேல் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

செத்த மீன் எப்படிக் கிடக்கும் என்று அன்புசெல்விக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. லட்சம் பார்த்திருக்கிறாள். அம்மா தாயே, இது மட்டும் வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னாள். ஹீட்டர் எரிந்தது, ஆனால் அது ஒரு டிகிரி ஏற்ற முக்கால் மணி நேரம் எடுக்கும். கடைக்குப் போன் போட்டாள், லீவு; எடுக்க ஆள் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பெரிய குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். ஒரு சொம்பு கொண்டுவருவது, பிளக்கைப் பிடுங்குவது, மீன் இல்லாத மூலையில் கண்ணாடி ஓரமாக ஊற்றுவது, கையால் கலக்குவது, மறுபடி பிளக்கைப் போடுவது. அப்போதுதான் பலராமன் போனில் வந்தான்.

"படுத்துடுச்சா? சரி வுடு. சீக்குல இருந்துச்சில்ல, சீக்குல போயிடுச்சுன்னு சொல்லிடு. நீ அணைச்சதெல்லாம் எதுக்கு சொல்லினு? நாகராஜ் வேற வராரு. நான் கடைசி ட்ரிப்பு முடிச்சு ஏழு மணிக்கு வந்துடுறேன்."

சொல்லிவிடலாம்தான். யாருக்குத் தெரியப் போகிறது? அன்புசெல்வி ஒரு சொம்பு நேரம் அதை யோசித்தாள்.

வாசலில் பைக் நின்றது. வெள்ளைச் சீருடையும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக துர்கா உள்ளே வந்தாள், பின்னால் நாகராஜ். கதவு திறந்தபடியே இருந்தது. துர்கா தொட்டியைப் பார்த்தாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நேராகப் போய் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நேரமா இப்டி இருக்கு?"

"முக்கா மணி நேரமா."

நாகராஜ் ஈரத் தரையையும் டியூபையும் கவிழ்த்த வாளிகளையும் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அக்காளைப் பறிகொடுத்தவர், அவள் கொண்டுவந்த மீனும் இப்போது கிடக்கிற கோலத்தைப் பார்த்தார். "எங்கக்கா பெத்த புள்ளையாட்டம் வச்சிருந்த மீனு இது" என்றார். "சீக்கு முத்திடுச்சாம்மா?"

இதோ, கேள்வியே பதிலையும் கொண்டுவந்து கொடுக்கிறது. ஆமாம் அண்ணே என்று ஒரு வார்த்தை. அன்புசெல்வி சொம்பைக் கீழே வைத்தாள்.

"இல்லண்ணே. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஹீட்டர அணைச்சேன். காலையிலயே அணைச்சிட்டேன். கிரகணத்துல நெருப்பு எரியக் கூடாதுன்னு சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. தண்ணியையும் மொத்தமா மாத்திட்டேன், பச்சத் தண்ணி." அவளுக்கு மூச்சு வாங்கியது. "துர்கா, எனக்கு மூணாம் மாசம். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். வவுத்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு இத வுட்டுட்டேன். எழுந்து போட்டிருக்கலாம். எழுந்துக்கல."

துர்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாகராஜ் பெருமூச்சு விட்டு, "கேட்டியா? இதுக்கு மேல நான் என்னா சொல்றது? பைய எடுத்துக்க துர்கா. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். மாமி காத்துனு இருக்கா" என்றார்.

துர்கா நகரவில்லை. "அம்மா தண்ணி மாத்தறப்ப இப்டித்தான் படுத்துக்கும்" என்றாள், யாரிடமென்று இல்லாமல். "கோவம் அதுக்கு. ரெண்டு நாளு செத்தாப்புல நடிக்கும். நான் அழுவேன், அம்மா சிரிக்கும்." அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள். "ஆனா நடிக்கறப்ப செவுளு நல்லா அடிக்கும். இப்ப அடிக்கவே மாட்டேங்குது."

அன்புசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதால் அதுவும் ஒரு வித்தை என்று ஆகிவிடும். அடுக்களையில் குண்டான் மூடி கடகடவென்று ஆடியது, தண்ணீர் கொதித்துவிட்டது. அவள் ஓடினாள். இனி சொம்பு சொம்பாகக் கொண்டுவர நேரமில்லை, குண்டானோடு கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று கரித்துணியை இரண்டு பக்கமும் பிடித்துத் தம் கட்டினாள்.

"வுடு. நீ தூக்காத."

துர்கா பின்னால் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த துணியை வெடுக்கென்று பிடுங்கினாள். கோபம்தான், சந்தேகமில்லை, முகம் சிவந்து கன்னமெல்லாம் ஈரம். குண்டானைத் தூக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினாள். பிளக்கைப் பிடுங்கினாள்.

"நான் ஊத்தறேன். நீ கைய வச்சுப் பாத்து சொல்லு. எனக்குத் தெரியாது எவ்ளோ சூடுன்னு."

அன்புசெல்வி முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். துர்கா ஒரு சொம்பு மொண்டு, கண்ணாடி ஓரமாக நூல் போல ஊற்றினாள். அன்புசெல்வி வெந்நீரைப் பிடித்துப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரோடு சேர்த்து, துரையின் பக்கமாகத் தள்ளினாள்.

"துர்கா" என்றார் நாகராஜ், வாசலிலிருந்து.

"மாமா, நீ கெளம்பு" என்றாள் துர்கா, சொம்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "போவச்சொல்ல கதவ சாத்திட்டுப் போ. குளுந்த காத்து உள்ள வருது."

அவர் வாசல்படி இறங்கினார். பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பைக் கிளம்புகிற சத்தம் வருகிறதா என்று அன்புசெல்வி கவனிக்கவில்லை. இருபத்தாறு. இருபத்தாறரை. "இன்னும்?" என்றாள் துர்கா. "கொஞ்சமா. நிறுத்து. இப்ப ஊத்து." கூழாங்கல்மேல் கிடந்த துரையின் மேல்பக்கத்துத் துடுப்பு மெல்ல நிமிர்ந்து மறுபடி மடிந்தது.

"சித்தி, அசைஞ்சுது!"

"இல்ல, நான் தண்ணிய கலக்கினேன்."

"நீ கலக்கினதா, அதுவா?"

தெரியவில்லை. துர்கா சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையையும் உள்ளே விட்டாள். தண்ணீர் ஆடுவது நிற்கட்டும் என்று இருவரும் முழங்கை வரை நனைந்த கைகளை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, அந்தத் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.